கடல் பக்கக் கம்பத்தடி

நம் கிளப்பின் ஆண்டு மலருக்கு மாமாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். "நீதான்பா படிச்சவன், அவரு அக்கா புள்ள வேற, நீ எழுதுனாத்தான் சரியா வரும்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட, பத்துப் பேர் கை கூப்பினீர்கள். ராயபுரத்துச் சிமெண்ட் தரையில் கூடைப்பந்து ஆடி, முட்டி போன பிறகு கல்லூரிக் கோச்சாகி, முப்பது வருஷம் பிள்ளைகளை உருவாக்கிய ஒரு மனிதரின் கதை. நீங்கள் எதிர்பார்ப்பது அதுதான். நானும் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பல வாரம் கழித்து இதுதான் வந்திருக்கிறது. முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அன்று அந்தத் தரையைச் சுற்றி நின்றவர்களில் இருபது பேராவது இன்னும் மிச்சமிருக்கிறோம். இது அவர்களுக்காக எழுதியது.

நம் தரை இப்போது இல்லை. அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. என் பேத்திக்கு அதை விவரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், இன்னொரு பக்கம் கடல், நடுவில் சிமெண்ட் போட்ட ஒரு நீள்சதுரம். இரண்டு முனையிலும் இரும்புக் குழாய்க் கம்பம். போர்டுகள் கப்பலில் வந்த மரப்பெட்டிகளின் பலகைகள். ஒன்றில் ஏதோ ஒரு நாட்டு எழுத்து பாதி அழிந்து தெரியும். அதன் நடுவில் அடித்தால் பந்து உள்ளே போகும் என்று நாம் நம்பினோம். வளையத்தில் தொங்கியது கடையில் வாங்கிய வலை இல்லை, மீன் வலை. பந்து உள்ளே விழுந்தால் ஒரு கணம் தயங்கி, மீன் துள்ளுவது போல ஒரு சத்தத்தோடு வெளியே வரும். அந்தச் சத்தத்தை வேறெந்த மைதானத்திலும் நான் கேட்டதில்லை.

துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலம் அது. இப்போது அதெல்லாம் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. அப்போது காற்று நம் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் வேட்டி, கடற்கரையில் காயும் கருவாடு, மூடி வைத்த குடத்துத் தண்ணீர் எல்லாவற்றிலும் கரி. மூக்கைச் சிந்தினால் கறுப்பு. பகல் முழுக்கச் சும்மா கிடக்கும் சிமெண்ட் தரையில் அது மாவு போலப் படிந்திருக்கும். அதன்மேல் கான்வாஸ் ஷூவை வைத்தால் எண்ணெயில் வைத்த மாதிரிதான்.

ஆகவே ஆட்டத்துக்கு முன் கோணி இழுப்போம். உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு கோணிகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து, டிரம்மில் முக்கிப் பிழிந்து, இரண்டு நுனியிலும் கயிறு கட்டி, இரண்டு பையன்கள் சேர்ந்து ரயில் பக்கத்திலிருந்து கடல் பக்கம் வரை இழுப்போம். நான்கு நடை. அது முடிந்ததும் கம்பத்தடி. ஆட்டக்காரர்கள் குதித்து விழுகிற இடம் என்பதால் அதைத் தனிக் கோணியால் தனியாகத் துடைக்க வேண்டும். ரயில் பக்கக் கம்பத்தடி எனக்கு. கடல் பக்கக் கம்பத்தடி என் கூட்டாளிக்கு. கோணி இழுத்தவனுக்குக் கூலி, முதல் பத்து நிமிடம் பந்து. ஈரம் காயக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை கோணி எந்த வழியாகப் போனது என்று தரையில் தடம் தெரியும்.

கூட்டாளி காசிமேட்டில் வலை பழுது பார்ப்பவரின் மகன். அவனுக்கும் எனக்கும் பதினைந்து வயது. அவன் கை என் கையைவிட நீளம். பந்தை அவன் தட்டினால் தரையைப் பார்க்கவே மாட்டான். நான் தரையை மட்டும்தான் பார்ப்பேன். இந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று பின்னால் பல வருஷம் சொல்லிக்கொண்டேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். நடையில் பாய் போட்டுப் படுப்பார். முட்டிக்குக் கீழே கால் பாய்க்கு வெளியே கிடக்கும். பட்டம் படித்தவர். ஆனாலும் துறைமுகத்தில் தினக்கூலிக்கு, இறங்கும் சரக்கைக் கணக்குப் பார்த்து டாலி எழுதிக்கொண்டிருந்தார். சாயங்காலம் தரைக்கு வந்தால் அவர் வேறு ஆள். வலது பக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு கம்பத்தடிக்குப் போவார், ஒற்றைக் காலை ஊன்றிச் சுழல்வார், முதுகுக்குப் பின்னாலிருந்து பந்து கிளம்பும். கடல் பக்கக் கம்பத்தடியில் அந்தக் கால் ஊன்றும் இடத்தில் சிமெண்டில் பல்லி வால் போல ஒரு வெடிப்பு இருந்தது. எங்கே நின்று ஆரம்பித்தாலும் அவர் கால் அந்த வெடிப்பில்தான் வந்து நிற்கும். அவர் என்னை 'மாப்ள' என்று கூப்பிடுவார். தெருவின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் இந்தக் கோடியில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்தக் கோடையில் டோர்னமெண்டின் கடைசி ஆட்டத்துக்கு ஒரு பெரிய வங்கியின் அணிக்காரர்கள் ஆள் பொறுக்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை, பென்ஷன், ஊர் ஊராக ஆட்டம். மாமாவுக்கு இருபத்தாறு வயது. அதற்கு மேல் எந்த அணியும் புதிதாக ஆள் எடுக்காது. வீட்டில் வேறு பேச்சே இல்லை. அம்மா மாமாவின் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள். அப்பா, துறைமுக ஆபீசில் குமாஸ்தா, யாரையும் பாராட்டி அறியாதவர், "பையன் தேறிடுவான்" என்றார்.

அணிக்குப் பன்னிரண்டு சட்டை. அந்தக் காலத்தில் எண்கள் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். மாமா நாலு. பதினைந்து, பெஞ்சில் கடைசியாக உட்கார்கிறவனுக்கு. அவன் ஆடப்போவதில்லை, ஆனால் சட்டை போட்டு உட்கார்வான். "மாப்ள, பைனலுக்குப் பதினஞ்சு உனக்குத்தான்" என்று மாமா ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தார். வண்ணாரப்பேட்டையில் பனியன் வாங்கி நீலச் சாயம் முக்கிக் கொண்டுவந்தார்கள். எண்களை அம்மாதான் மைதா மூட்டையின் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்தாள். பதினைந்தை மட்டும் என் முதுகில் வைத்து அளவு பார்த்தாள். "தோள்ல எறங்குது. வளருற புள்ளதானே" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. பன்னிரண்டு சட்டையும் எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு நாள் காய்ந்தன. நான் கீழே நின்று கரி விழாமல் காவல் காத்தேன்.

ஆட்டத்தன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தரையில் வைத்துச் சட்டை கொடுத்தார்கள். செக்ரட்டரி அண்ணாச்சி மூட்டையைப் பிரிக்க, மாமா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நாலு, ஐந்து, ஆறு. பதினாலு வரை வந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டேன். மாமா என்னைத் தாண்டிப் பார்த்து, கூட்டாளியிடம் நீட்டினார்.

"மாப்ள, அவனுக்குக் கை நல்லா வந்துகினு கீது. உனக்கு அடுத்த வருசம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல்: "உங்க வூட்டு சோத்தத் துண்ணுட்டு சட்டைய எவனுக்கோ குட்த்துட்டாருடா உங்க மாமா!" எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவர் நம் குழுவில் இருக்கிறார். அவருக்கு நினைவிருக்காது. எனக்கு அந்தச் சிரிப்பில் யார் யார் பல் தெரிந்தது என்பதுவரை நினைவிருக்கிறது.

கூட்டாளி சட்டையைப் போட்டுக்கொள்ளவே தயங்கினான். "வேணாம்டா, நீயே போட்டுக்கோ. அவராண்ட நா சொல்லிக்கிறேன்" என்றான். டிரம்மில் கோணியை முக்கினேன்.

நான்கு நடையும் சேர்ந்து இழுத்தோம். அது முடிந்த சமயம் மாமா கூட்டாளியைக் கூப்பிட்டார். அவன் அப்பா அந்த ஆட்டத்துக்கென்று புது வலை பின்னி வைத்திருந்தார்; அதை ஓடிப்போய் எடுத்து வரச் சொன்னார் மாமா. கூட்டாளி வாசல் கம்பியைத் தாண்டும்போது திரும்பிக் கத்தினான்: "டேய், கடல் பக்கமும் நீயே தொடச்சிடு! நா வலை எடுத்தாரப் போறேன்!"

எனக்குக் கேட்டது. தலையைத் திருப்பவில்லை. பதிலும் சொல்லவில்லை. அவன் நிற்காமல் ஓடிவிட்டான்.

ரயில் பக்கத்தைத் துடைத்தேன். பிறகு கோணியை இழுத்துக்கொண்டு கடல் பக்கம் போனேன். கம்பத்தைச் சுற்றித் துடைத்தேன். நான்கு நடையில் இழுத்த கோணி கம்பத்தடி வரை எட்டாது. அங்கே கரி அப்படியே இருந்தது. வெடிப்புக்கு அருகில் வந்ததும் என் கை கோணியைத் திருப்பியது. வெடிப்பைச் சுற்றி ஒரு முறம் அளவு இடத்தை விட்டுவிட்டு, வளைந்து, மறுபக்கம் துடைத்து முடித்தேன்.

முதல் பாதியில் நம் அணி எப்போதும் கடல் பக்கக் கம்பத்தில்தான் போடும், இரண்டாம் பாதியில் கடல்காற்று முதுகில் இருக்கட்டும் என்று. அதுவும் எனக்குத் தெரியும். அவர் வழுக்கி விழட்டும், நாலு பேர் சிரிக்கட்டும், என்னைப் பார்த்துச் சிரித்தது போல. இதைத்தான் நினைத்தேன். முட்டியைப் பற்றி நினைக்கவில்லை. இதைச் சலுகை கேட்டுச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டாளி மூச்சு வாங்க ஓடிவந்து, ஸ்டூல் போட்டுப் புது வலையைக் கட்டினான். கீழே பார்க்க அவனுக்கு நேரமில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

வங்கிக்காரர்கள் இரண்டு பேர், வெள்ளைச் சட்டை, அண்ணாச்சி கடையிலிருந்து வந்த மர நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாமாவுக்குப் பந்து வந்தது. வலது பக்கம் தட்டிக்கொண்டு போனார். காலை ஊன்றினார். உடம்பு சுழன்றது, கால் சுழலவில்லை. அது முன்னால் போய்விட்டது. உலர்ந்த தென்னை மட்டையை மிதித்தது போல ஒரு சத்தம். பந்து மட்டும் தன் வழியே போய்ப் புது வலையில் விழுந்தது. இரண்டு பேர் கைதட்டிவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள்.

மாமா கத்தவில்லை. ஒரு கன்னம் தரையில் அழுந்தக் கிடந்தார். கண் திறந்திருந்தது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலியில் அப்படிக் கிடக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவரைத் தூக்கியபோது அந்த இடத்தில் கரி இழுபட்டுக் கிடந்தது. அண்ணாச்சி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏலே, கடல் பக்கம் தொடைக்குறது யாருலே?"

யாரோ கூட்டாளியைக் காட்டினார்கள். அவர் கை ஓங்கியதை நான் பார்த்தேன். அடி விழுந்த சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

"வலை எடுத்தாரப் போனேன் அண்ணாச்சி. இவனாண்ட சொல்ட்டுத்தான் போனேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள்.

"ரயில் போச்சு. எனக்குக் கேக்கல" என்றேன்.

கூட்டாளி என்னை முறைப்பான் என்று நினைத்தேன். அவன் முறைக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தான். ரயில் போனதா என்று உண்மையிலேயே யோசித்தான்.

"சட்டையக் கழத்துலே" என்றார் அண்ணாச்சி. "ஒரு மூலையத் தொடைக்கத் துப்பில்ல, ஒனக்குச் சட்டை ஒரு கேடா?" அத்தனை பேர் நடுவில் அவன் கையைத் தூக்கிச் சட்டையைக் கழற்றினான். சாயம் அவன் மார்பில் நீலமாக ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அதை என்மேல் வீசினார். "நீ போட்டுக்கோல. மாமனுக்குப் பதிலா நீயாவது உக்காரு."

போட்டுக்கொண்டேன். அவன் வேர்வை ஈரத்தோடு, பெஞ்சின் கடைசியில், ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். தோள் இறங்கித்தான் இருந்தது. நாம் தோற்றோம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். கூட்டாளி வெறும் உடம்போடு கடற்கரைப் பக்கம் நடந்து போனதை நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெரியவர்கள் அதற்கு மேல் ஒரு தவறு செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, "அங்க போனா கத்திய வைப்பான், பேங்க்காரன் காதுக்குப் போயிரும், அப்புறம் ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டான்" என்று அண்ணாச்சி தடுத்தார். அப்பாவும் தலையாட்டினார். வியாசர்பாடியில் ஒரு கட்டு வைத்தியரிடம் ரிக்‌ஷாவில் கொண்டுபோனார்கள். மூங்கில் பட்டை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, நாற்பது நாள் படுக்கை. கட்டைப் பிரித்தபோது முட்டி மடங்கவில்லை. இந்தக் கட்டு வைத்தியர் பிற்காலத்தில் எனக்கு ரொம்ப உதவினார். 'கெடுத்தது அவர்தான்' என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தார்.

அந்த நாற்பது நாளும் நான் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விசிறினேன். சிறுநீர்ச் சட்டி எடுத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தது. "மாமன் மேல உசுரு இவனுக்கு" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அண்ணாச்சி ஒரு டஜன் வாழைப்பழம் கொண்டுவந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனார். மாமா உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "தம்பி, தண்ணி குடு" என்பார். அன்றிலிருந்து அவர் என்னை மாப்ள என்று கூப்பிடவே இல்லை. நோவில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பதினைந்து வயதில் நினைத்தால் சரி. ஐம்பது வயதிலும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினைந்தாம் எண் சட்டையை அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ் துடைக்க எடுத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.

கூட்டாளியை ஒரு முறை கடற்கரையில் பார்த்தேன். அவனைத் தரைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவன் அப்பாவோடு வலை உதறிக்கொண்டிருந்தவன், என்னைத் தனியாக அழைத்துப் போனான்.

"நெசமாவே கேக்கலியாடா?"

"இல்லடா."

"நானும் ஓடிகினே கத்துனேன். நின்னு சொல்லிருக்கணும்" என்றான். பிறகு, "அப்ப என் தப்புதான்" என்றான். அந்த வயதில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் அவ்வளவு நேர்மையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாமா அதன்பின் வடக்கே போய் ஒரு வருஷம் கோச் படிப்புப் படித்தார். திரும்பி வந்து நகரத்தில் ஒரு கல்லூரியில் கோச்சாகச் சேர்ந்தார். நொண்டிக்கொண்டே விசில் ஊதும் மனிதராக அவரை நீங்கள் அறிவீர்கள். அந்த ஆட்டம் நடந்து மூன்று வருஷம் கழித்து அந்தக் கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்கு நான் போனேன். வரிசையில் முதல் ஆளாக நின்றேன். சொந்த மாமா. அம்மா காலையிலேயே இனிப்பு செய்துவிட்டாள். சாயங்காலம் மாமா பட்டியலைப் படித்தார். என் பெயர் இல்லை. கடைசிப் பெயர் கூட்டாளியுடையது. தரையில் சேர்க்காத அவனை, திருவொற்றியூரில் ஒரு பள்ளி மைதானத்தில் இரண்டு வருஷமாக மாமாவே தனியாகப் பழக்கியிருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

அவன் கல்லூரிக்கு ஆடினான், மாநிலத்துக்கு ஆடினான். கடைசியில் அதே வங்கி அவனை எடுத்துக்கொண்டது. மாமாவுக்காக வந்த அதே வங்கி.

"கூடப் பொறந்தவ புள்ளைக்கு ஒரு சீட்டு குடுக்க மனசு வல்ல. இந்தக் கையால சோறு போட்டேனே!" என்று பட்டியல் வந்த அன்றே அம்மா நடுவீட்டில் நின்று கேட்டாள். மறுநாள் மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் போய்விட்டார். அம்மா அதன்பின் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் வேறு கல்லூரியில் படித்தேன், சுங்க இலாகாவில் வேலைக்குப் போனேன், பதவி உயர்ந்தேன். போகிற இடமெல்லாம் 'சொந்த மாமனே எனக்குத் துரோகம் செய்தார்' என்று சொன்னேன். உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் தலையாட்டியிருக்கிறீர்கள். சொல்லச் சொல்ல, வெடிப்பைச் சுற்றிக் கோணி திரும்பியதை நான் ஏறக்குறைய மறந்தே போனேன்.

அம்மா இறந்த அன்று மாமா பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் 'உள்ளே வாங்க' என்று சொல்லவில்லை. யாரோ அதை வாங்கிப் போய் அம்மாமேல் போர்த்தினார்கள். அவர் காலைச் சாய்த்துக்கொண்டு வெயிலில் நின்றார். உங்களில் சிலர் அதையும் பார்த்தீர்கள்.

இந்த மலருக்காகத்தான் பல வருஷம் கழித்து மெட்ரோ பிடித்துத் திருவொற்றியூர் போனேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அத்தை போய் நான்கு வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியில் மண் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ஞாயிறுதோறும் கூட்டாளி காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவருவான் என்றார்.

"இன்னா, வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டார். உட்காரச் சொன்னார். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கேள்விகள் கேட்டேன். எந்த டோர்னமெண்ட், எந்தப் பையன் எங்கே போனான். பொறுமையாகச் சொன்னார். பிறகு, குழுவில் நீங்கள் எல்லோரும் எழுதியிருந்த அந்த விஷயத்தைக் கேட்டேன். கல்லூரியில் எந்த ஆட்டமானாலும் கம்பத்தடியை வேறு யாரையும் துடைக்கவிட மாட்டார், மடங்காத காலை நீட்டிக்கொண்டு தானே குனிந்து துடைப்பார் என்று. அவருடைய பணிவுக்கு அடையாளமாக அதை நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

"அது ஏன் மாமா?"

அவர் என்னையே பார்த்தார்.

"தடம் பாக்கத்தான்."

என் பேனா நின்றுவிட்டது.

"அன்னிக்குக் கீழ கெடந்தப்ப பாத்தேன். கோணி வெடிப்பு வரிக்கும் வந்து, சுத்திகினு போயிருந்துச்சு. மறந்து வுட்டவன் அப்டியே வுட்ருப்பான். சுத்திகினு போவ மாட்டான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வலை எடுத்தாரச் சொல்லி அவனை அனுப்புனவன் நானு. அங்க இருந்தது நீ மட்டுந்தான்."

"ஏன் மாமா சொல்லல?"

"யாராண்ட சொல்லுவேன்? உங்கம்மா கையால கஞ்சி குட்ச்சுகினு படுத்திருக்கேன். உம்புள்ளதான் என் காலை ஒட்ச்சான்னு அவளாண்ட சொல்லச் சொல்றியா? அப்டியே வுட்டுட்டேன். ஆனா உன்னை என் டீமுல வச்சுக்க மனசு ஒப்பல. அது மட்டும் முடியல."

"அவன்கிட்டயாவது..."

அவர் கவிழ்த்து வைத்த சட்டியைப் பார்த்தார்.

"அவனுக்கு சீட்டு குட்த்தேன். பேங்க்ல பேசி வேலைக்குச் சேத்துவுட்டேன். நேராயிரும்னு நெனச்சேன். நேராவல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் மீனோட வந்து நிக்கிறான். 'உங்க காலை வாங்குனவன் நானு, நா செய்யாம யாரு செய்வா கோச்சு'ன்றான். நா வாங்கித் துண்றேன்." சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அவனாண்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீ சொல்லு."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கூட்டாளி பையோடு வந்தான். நரைத்த மீசை, இன்னும் நீளமான கைகள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அட, கஸ்டம்ஸ் ஆபீசரு! இன்னா மாமே, தோஸ்தெல்லாம் ஞாபகம் கீதா?" வஞ்சிரம் கொண்டுவந்திருந்தான். தானே கழுவினான். மாமா குழம்பு வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

பிறகு இருவரும் கடற்கரைக்கு நடந்தோம். அலை தடுக்கப் போட்ட கருங்கல் மேல் உட்கார்ந்து சொன்னேன். அவன் கத்தியது கேட்டது என்று சொன்னேன். கோணியைத் திருப்பியதைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், அதற்கு நிறைய வார்த்தை தேவைப்படவில்லை.

அவன் கடலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்ப... நா இல்லியா?"

"இல்ல."

"எங்கப்பன் சாவுற வரிக்கும் சொன்னாருடா. 'உன்னாலதான் அந்தாளு கால் போச்சு, மறந்துராத'ன்னு. நானும் மறக்கல." திரும்பி என்னைப் பார்த்தான். "கோச்சுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அது எனக்கு நன்றாக வரும். "தெரியும்" என்றேன்.

"எப்பத்துலேர்ந்து?"

"அன்னிலேர்ந்தே."

அவன் கையில் மீன் கொண்டுவந்த பை இருந்தது, காலியாக. அதை மடியில் வைத்து இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான், எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"உன்ன வுடு. நீ அப்ப பொடியன்" என்றான். "அவரு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

இது நடந்து நான்கு ஞாயிறு ஆகிவிட்டது. அவன் மாமா வீட்டுக்குப் போகவில்லை. மாமா ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்து, "உன்னாண்ட எதுனா சொன்னானா?" என்று கேட்கிறார். மூன்றாம் வாரம் நானே வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனேன். பையைத் திறந்து பார்த்துவிட்டு, "பிரிட்ஜ்ல வையி" என்றார். மண் சட்டி கவிழ்ந்தே இருந்தது.

ஐம்பது வருஷமாக மாமா எனக்குத் துரோகம் செய்தார் என்று சொல்லி வந்தேன். அவர் செய்த துரோகம் எனக்கல்ல. என்னைக் காப்பாற்றத்தான் அவர் அதை இன்னொருவனுக்குச் செய்தார்.

சென்ற வாரம் கூட்டாளியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் மீன் ஏலச் சத்தம். "நீ படிச்சவன்தானே. எழுது. அன்னிக்கு என் சட்டையக் கழட்டுனப்ப பாத்தவன் எல்லாம் படிக்கணும். அண்ணாச்சி பூட்டாரு, எங்கப்பன் பூட்டாரு. மீதி இருக்குறவனாவது படிக்கட்டும்." அவ்வளவுதான் இருந்தது. மாமாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மாமா எத்தனை கோப்பை வாங்கினார், எத்தனை பிள்ளைகளை ஏற்றிவிட்டார் என்பதை வேறு யாராவது எழுதிக்கொள்ளுங்கள். அன்று அந்தத் தரையைச் சுற்றி நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அப்போது ரயில் எதுவும் போகவில்லை. அவன் சொன்னது எனக்குக் கேட்டது. கடல் பக்கக் கம்பத்தடியைத் துடைக்காமல் விட்டவன் நான். பதினைந்தாம் எண் சட்டை அவனுடையது.